கோலம் போட்ட கை கல்லும் பதிக்கும்!

சகோதரிகளே, உங்கள் வீட்டில் அதிகம் மிதிபடுகிற இடம் எது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? வாசல் என்பீர்கள், இல்லாவிட்டால் அடுப்படி என்பீர்கள். கொல்லைக் கதவுக்கும் குளியலறைக்கும் நடுவே கிடக்கிற இருபது முப்பது அடி மண்ணைப் பற்றி யாருக்கும் ஞாபகம் வராது. ஆனால் எண்ணிப் பாருங்கள். பாத்திரம் துலக்க, துணி காயப் போட, குப்பை கொட்ட, கறிவேப்பிலை பறிக்க, குழந்தைக்குக் கால் கழுவ என்று ஒரு நாளைக்கு நாற்பது நடையாவது அதில்தான். வாசலுக்கு டைல்ஸ் போடுவோம், கூடத்துக்கு கிரானைட் போடுவோம். கொல்லைக்கு மட்டும் ஒரு செங்கல் இங்கே, ஒரு உடைந்த துவைக்கிற கல் அங்கே. மழைக்காலத்தில் அதன் மேல் தாவித் தாவிப் போகிற வித்தையை நம் வீட்டுப் பெண்கள் எல்லாருமே கற்றிருக்கிறோம்!

எங்கள் ஊர் அடி அண்ணாமலை. திருவண்ணாமலையைச் சுற்றி வருகிற 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்கே இருக்கிறோம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி எங்கள் தெருக்கோடியில் லட்சக்கணக்கான பாதங்கள் நடந்து போகின்றன. பெரும்பாலும் வெறுங்கால். பாதை என்றால் என்ன, அது காலுக்கு என்ன செய்யும் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வெயில் ஏறிய பிறகு கருப்புத் தார் ரோட்டை விட்டு ஓரத்து நிழலைத் தேடி ஓடுகிறவர்களை சின்ன வயசிலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

2024ஆம் வருஷக் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயல் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். டிசம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலையிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து, குழந்தைகள் உட்பட ஏழு பேர் உயிரிழந்தார்கள். ஊரே துக்கத்தில் இருந்தது. அந்த மழையில் எங்கள் கொல்லை முழுக்கச் செம்மண் குழம்பு. டிசம்பர் 13ஆம் தேதி மகா தீபம். அதற்குச் சில நாள் முன்னால், விடிகாலையில் குளியலறைக்குப் போன என் மாமியார் சறுக்கி விழுந்துவிட்டார்கள். எழுபத்தி நாலு வயசு. தொடை எலும்பு முறிவு. ஆபரேஷன், கம்பி, பிறகு வாக்கர் பிடித்து நடை.

வயசான பெண்களுக்கு எலும்பு மெலிந்துபோவதால் இப்படி ஒரு சின்ன சறுக்கலே போதும், பெரிய முறிவாகிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகம் முழுவதும் வருஷத்துக்கு 6,84,000 பேர் கீழே விழுவதாலேயே இறக்கிறார்கள். அதில் அறுபது வயசைத் தாண்டினவர்கள்தான் அதிகம். நாமோ, 'பெரியவங்க வழுக்கி விழுந்துட்டாங்க' என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம்.

அத்தைக்குக் கால் வலியைவிடப் பெரிய வலி வேறு ஒன்று. தை மாசம் வாக்கரோடு வீட்டுக்குள் நன்றாகவே நடந்தார்கள். ஆனால் கொல்லைப் படி இறங்கின உடனே வாக்கரின் நாலு காலும் மண்ணில் புதையும். அதனால் குளியலறைக்குக்கூட நானோ என் வீட்டுக்காரரோ தாங்கிப் பிடித்துத்தான் கூட்டிப் போக வேண்டும். ராத்திரியில் கூப்பிடச் சங்கடப்பட்டுக்கொண்டு, சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். எனக்கு அது ரொம்ப நாள் தெரியாது. பக்கத்து வீட்டு அக்காவிடம், "ஒண்ணுக்குப் போறதுக்குக்கூட மகனை எழுப்பணும்னா, நான் எதுக்கு இருக்கேன்?" என்று சொல்லியிருக்கிறார்கள். அக்கா வந்து என்னிடம் சொன்னாள். அன்றைக்கு முடிவு செய்ததுதான் இந்தப் பாதை.

மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டோம். கையில் இருந்த பணத்தை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்திருந்தோம். அவர் சொன்ன தொகையைக் கேட்டு என் வீட்டுக்காரர், "ஆடி போகட்டும், பார்க்கலாம்" என்றார். ஆடி வரைக்கும் ஒரு மனுஷி தண்ணீர் குடிக்காமல் இருக்க முடியுமா? பக்கத்து வீட்டு அக்காதான், "ஏம்மா, மூணடி அகலத்துக்கு ஒரு தளம். அதுக்கு மேஸ்திரி எதுக்கு? நான் இல்லையா?" என்றாள்.

இந்த அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இருபது வருஷத்துக்கு மேலாகச் சித்தாள் வேலைக்குப் போகிறாள். கலவை குழைப்பாள், பாண்டு தூக்குவாள், ஜல்லி சுமப்பாள். எத்தனை மணலுக்கு எத்தனை சிமெண்டு, எந்தப் பதம் சுவருக்கு, எந்தப் பதம் தளத்துக்கு என்று எல்லாம் கண்ணாலேயே சொல்வாள். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் கையில் கரண்டியைக் கொடுத்ததில்லை. கரண்டி பிடித்தால் கொத்தனார், கூலி ஏறும். பாண்டு தூக்கினால் சித்தாள், கூலி இறங்கும். ஆண் பிள்ளைகள் சித்தாளாகச் சேர்ந்து நாலைந்து வருஷத்தில் கொத்தனார் ஆகிவிடுகிறார்கள். பெண்கள் சித்தாளாகவே கிழவியாகிறார்கள். ஜார்க்கண்டில் கிராமத்துக் கழிப்பறைகள் கட்டுவதற்காகப் பெண்களுக்குக் கொத்து வேலை பழக்கி, 'ராணி மிஸ்திரி' என்று பேரும் வைத்திருக்கிறார்கள். கேரளத்தில் குடும்பஸ்ரீ அமைப்பின் பெண்கள் குழுவாகச் சேர்ந்து வீடே கட்டுகிறார்கள். நம் பக்கத்தில் அது இன்னும் பரவவில்லை. எங்கள் கொல்லையில்தான் அக்கா முதல் முதலாகக் கரண்டி பிடித்தாள்!

சரி, வேலைக்கு வருவோம்.

கொல்லைப் படியிலிருந்து குளியலறை வரை 32 அடி நீளம். அகலம் மூன்று அடி வைத்தோம். வாக்கரின் அகலம் இரண்டடிக்குள்தான் இருக்கும். ஆனாலும் பக்கத்தில் ஒருவர் கைதாங்கலாக நடக்கவும், நாளைக்கே சக்கர நாற்காலி வேண்டியிருந்தாலும் மூன்றடி இருந்தால்தான் சௌகரியம். 32 அடியையும் நாலு அடிக்கு ஒன்றாக எட்டுக் கட்டமாகப் பிரித்துக்கொண்டோம். இது அழகுக்காக மட்டும் இல்லை. கான்கிரீட் வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். ஒரே நீளமாகப் போட்டால் அது தன் இஷ்டத்துக்கு எங்காவது வெடிக்கும். நாமே இடைவெளி விட்டுவிட்டால் வெடிப்பு அந்த இடைவெளியோடு போய்விடும். இன்னொரு லாபம், வீட்டு வேலையும் பார்த்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஒரு கட்டம்தான் நம்மால் முடியும். மேஸ்திரி ஒரே நாளில் முடிப்பதை நாம் எட்டு நாளில் முடித்தால் யார் நம்மைக் கேட்கப் போகிறார்கள்?

முதலில் ஆறு அங்குலம் ஆழத்துக்கு மண்ணை வெட்டி எடுத்தோம். இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை. என் பெரியவனும் (பன்னிரண்டாவது படிக்கிறான்) அவன் சிநேகிதனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கடப்பாரையும் மண்வெட்டியுமாக நின்றார்கள். சிநேகிதனுக்குக் கூலி, ஒரு தட்டு பஜ்ஜி. பிறகு பள்ளத்தில் நாலு அங்குலத்துக்கு உடைந்த செங்கல்லும் கிராவலும் நிரப்பித் தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டோம். ரெண்டு ரெண்டு அங்குலமாகக் கொட்டித் தனித்தனியாக இடிக்க வேண்டும். குதிகாலால் ஓங்கி மிதித்தால் பள்ளம் விழக் கூடாது, அதுதான் பதம். அஸ்திவாரத்தை ஒழுங்காக இடிக்காமல் மேலே வைரக்கல் பதித்தாலும் ஆறு மாசத்தில் உட்கார்ந்துவிடும்.

நாலு அங்குலம் அடித்தளம், அதன் மேல் மூன்று அங்குலத் தளம். ஆக ஏழு. வெட்டியது ஆறுதான். எனவே பாதை தரையைவிட ஒரு அங்குலம் உயர்ந்து நிற்கும். மழைத்தண்ணீர் மேலே ஏறாது. இதோடு ஒரு பக்கமாக லேசான சரிவும் வேண்டும். ஒரு அடிக்குக் கால் அங்குலம் என்ற கணக்கில், மூன்றடி அகலத்துக்கு முக்கால் அங்குலம் சரிவு. கண்ணுக்கே தெரியாது, கால் சறுக்காது, ஆனால் தண்ணீர் நிற்காமல் வாழைப் பாத்திக்குப் போய்விடும். மட்டம் பார்க்க ரசமட்டம் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். பத்தடி ட்யூபில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால் இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்தக் காலத்துக் கொத்தனார்கள் வீடு முழுக்க இதிலேயே கட்டினார்கள்.

கொல்லைப் படி நாலு அங்குல உயரம். வாக்கருக்குப் படி ஆகாது, சரிவு வேண்டும். ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் என்பது சக்கர நாற்காலிச் சரிவுகளுக்கு உள்ள பொதுவான கணக்கு. எங்களுக்கு நாலு அங்குலம், நாலு அடி. முதல் கட்டம் அப்படியே சரிவாகிவிட்டது! இந்தக் கட்டத்தில் மட்டும் கல் எதுவும் பதிக்கவில்லை. கான்கிரீட் போட்டு, மட்டம் செய்து, கொஞ்சம் இறுகினதும் ஈர்க்குச்சித் துடைப்பத்தைக் குறுக்கே லேசாக இழுத்தோம். வரி வரியாக விழுந்தது. ஈரக்காலோடு வந்தாலும் பிடிப்பு இருக்கும். சிமெண்டுத் தரையை வழவழவென்று இழைப்பதை மேஸ்திரிகள் பெருமையாக நினைக்கிறார்கள். ஈரம் படுகிற இடத்தில் அந்தப் பெருமை வேண்டவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

எங்களுக்கு ஆன சாமான்: சிமெண்டு 5 மூட்டை (எட்டுக் கட்டத்துக்கு நாலே கால் போதும், மீதி சரிவின் ஓரத்துக்கும் பூச்சுக்கும்), முக்கால் இஞ்சு ஜல்லி 15 கன அடி, எம்-சாண்டு 15 கன அடி. கடையில் யூனிட் கணக்கில்தான் பேசுவார்கள். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. நமக்கு அவ்வளவு எதற்கு? அருகில் எங்காவது வீடு கட்டுகிறவர்களிடம் சொல்லி வைத்தால் மீந்ததைக் கொடுப்பார்கள். நாங்கள் அப்படித்தான் ஜல்லி வாங்கினோம். சிமெண்டு மட்டும் புதுசாக இருக்க வேண்டும். மூட்டைக்குள் கைவிட்டால் குளுகுளுவென்று, கட்டி இல்லாமல் மாவாக இருக்க வேண்டும். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வைத்து மூடுங்கள்.

கலவை விஷயத்தில் அக்காதான் தலைமை. 12 லிட்டர் வாளி ஒன்றை அளவாக வைத்துக்கொண்டோம். ஒரு கட்டத்துக்குக் கீழ்ப் பகுதி இரண்டு அங்குலம் கான்கிரீட்: ஒரு வாளி சிமெண்டு, இரண்டு வாளி மணல், நாலு வாளி ஜல்லி. மேல் பகுதி ஒரு அங்குலம் கல் பதிக்கும் கலவை: அரை வாளி சிமெண்டு, ஒன்றரை வாளி மணல். ஜல்லி கிடையாது. ஒரு தகரத்தின் மேல் மணலையும் சிமெண்டையும் தண்ணீர் விடாமல் மூன்று தரம் புரட்ட வேண்டும். நிறம் ஒரே சாம்பலாக, மணல் தனியாகத் தெரியாமல் ஆன பிறகு ஜல்லி. அதற்குப் பிறகு நடுவில் குழி பறித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். ஒரு வாளி சிமெண்டு போட்ட கான்கிரீட்டுக்கு ஒன்பது, பத்து லிட்டர் தண்ணீருக்கு மேல் வேண்டியதில்லை. சீக்கிரம் குழையட்டும் என்று என் பெரியவன் இன்னொரு சொம்பைத் தூக்கினபோது, "டேய் தம்பி, இன்னாடா கஞ்சியா காய்ச்சற? வையிடா சொம்ப!" என்று அக்கா போட்ட சத்தத்தில் வேலியில் இருந்த குருவியெல்லாம் பறந்துவிட்டது.

அவள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. சிமெண்டு காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு சேர்ந்து உள்ளே நடக்கும் ரசாயன மாற்றத்தால் இறுகுகிறது. அதற்கு வேண்டிய தண்ணீர் கொஞ்சம்தான். அதிகமாக ஊற்றினால் மீந்த தண்ணீர் பிறகு ஆவியாகப் போய், இருந்த இடமெல்லாம் பொடித் துவாரமாகும், தளம் பொரபொரக்கும். இந்தச் சிமெண்டை 1824ல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் காப்புரிமை வாங்கினார். இறுகினால் அங்கே போர்ட்லண்ட் என்ற இடத்தில் கிடைக்கும் கட்டடக் கல்லைப் போல இருக்கிறது என்று 'போர்ட்லண்ட் சிமெண்டு' என்று பேர் வைத்தார். இன்றைக்கும் நம் மூட்டைகளில் அந்தப் பேர் அச்சாகியிருக்கும், பாருங்கள்.

குழைத்த கலவையை அரை மணி, முக்கால் மணிக்குள் போட்டுவிட வேண்டும். வெயிலில் இன்னும் சீக்கிரம். நாங்கள் மாசி மாசத்தில் காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்தோம். கட்டத்தின் நாலு பக்கமும் மூன்று அங்குல உயரப் பலகை. பலகையில் பழைய எண்ணெய் தடவினால் ஒட்டாது. ஒன்று விட்டு ஒன்றாக முதலில் 1, 3, 5, 7 கட்டங்களைப் போட்டு, அவை இறுகின பிறகு நடுவில் விட்ட கட்டங்களைப் போட்டோம். நடுவே கால் அங்குலத் தெர்மோகோல் பட்டை வைத்தால் அதுவே இடைவெளி.

இனிமேல்தான் நமக்குப் பிடித்த பகுதி: கல்!

கல் எங்கே எடுப்பது? எங்கள் ஊரில் நாலு பக்கமும் கல்தான். ஆனால் மலையிலிருந்து ஒரு கல்லைக்கூட எடுக்க மாட்டோம். எங்களுக்கு மலையே லிங்கம். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும், சரிவிலிருந்து கல்லையும் செடியையும் பெயர்த்தால் மண்ணுக்குப் பிடிப்பு ஏது? கிரானைட், கடப்பா வெட்டுகிற கடைகளில் சமையல் மேடைக்கு அறுத்தது போக விழுந்த துண்டுகளைக் குவித்து வைத்திருப்பார்கள். அவர்களுக்கு அது குப்பை. எடுத்துப் போனால் சந்தோஷப்படுவார்கள். இரண்டு மூட்டை கூழாங்கல் மட்டும் காசு கொடுத்து வாங்கினோம்.

குப்பைதானே என்று இளக்காரம் வேண்டாம். சண்டிகர் நகரத்தில் பொதுப்பணித் துறையில் சாலை இன்ஸ்பெக்டராக இருந்த நேக் சந்த், 1957 முதல் உடைந்த வளையல், பீங்கான், கல் என்று பொறுக்கி வந்து, காட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் சிமெண்டில் பதித்துப் பதித்து ஒரு தோட்டமே உருவாக்கினார். 1976ல் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 1984ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 2015ல் காலமானார். அவருடைய ராக் கார்டனைப் பார்க்க இன்றைக்கும் உலகமெங்குமிருந்து வருகிறார்கள். சீனாவில் சூசோ என்ற ஊரின் பழைய தோட்டங்களில் கூழாங்கல்லைக் குத்துக் குத்தாக நிறுத்திப் பூவும் பறவையுமாகப் பாதை போட்டிருக்கிறார்கள். கிரேக்க நாட்டின் பெல்லாவில் கூழாங்கல்லாலேயே சிங்க வேட்டை சித்திரம் போட்ட தரை, கிறிஸ்து பிறப்பதற்கு முன்னூறு வருஷம் முந்தினது. ஆக, நாம் ஒன்றும் புதுசாகச் செய்யப் போவதில்லை.

எனக்குத் தெரிந்த சித்திரம் கோலம்தான். ஆனால் எந்தக் கல்லை எங்கே வைப்பது என்பதைக் கோலம் தீர்மானிக்கக் கூடாது, அத்தையின் கால் தீர்மானிக்க வேண்டும் என்று நினைத்தேன். நடுவில் இரண்டடி அகலத்துக்குத் தட்டையான சாம்பல் நிறக் கருங்கல் துண்டுகள். வாக்கர் கால் தடுமாறக் கூடாது அல்லவா? கிரானைட் துண்டானால் பாலீஷ் போட்ட பக்கத்தைக் கீழே கவிழ்த்துச் சொரசொரப்பான பக்கம் மேலே தெரிய வைக்க வேண்டும். இது மிக முக்கியம். பளபளப்பு மேலே இருந்தால் ஈரத்தில் அது எண்ணெய் தடவின மாதிரி. இரண்டு ஓரங்களிலும் ஆறு ஆறு அங்குலம் மட்டும் கூழாங்கல் கோலம். வெள்ளைக் கூழாங்கல் இழை, நடுநடுவே கருப்புக் கடப்பாத் துண்டு புள்ளி. அத்தைக்கு ஒரு கண்ணில் புரை இருக்கிறது. ராத்திரி மங்கின வெளிச்சத்திலும் வெள்ளை ஓரம் தெரியும். தெரியாவிட்டாலும், கால் ஓரத்துக்குப் போனால் பாதத்தில் உருண்டை உருண்டையாகத் தட்டுப்படும், 'ஓரத்துக்கு வந்துட்டோம்' என்று காலே சொல்லும். கருப்புக் கல் வெயிலில் கொதிக்கும் என்பதால் நடக்கிற இடத்தில் அதை வைக்கவே இல்லை.

முதல் நாள் ராத்திரியே அன்றைய கட்டத்தின் கோலத்தைக் கூடத்தில் ஒரு சாக்கை விரித்து அதன் மேல் கல்லாகவே அடுக்கிப் பார்த்துவிடுவேன். காலையில் கலவை காத்திருக்காது. கல்லைக் கழுவி, மண் போக்கித் தண்ணீரில் ஊறப் போட வேண்டும். காய்ந்த கல், கலவையில் உள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும், ஒட்டாது. கூழாங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்தி, மூன்றில் இரண்டு பங்கு உள்ளே போகும்படி அழுத்த வேண்டும். பாதிதான் உள்ளே இருந்தால் ஒரு வாரத்தில் குழந்தைகள் பிடுங்கிவிடும். (எங்கள் ஊரில் குரங்குகளும்! முதல் கட்டம் போட்ட அன்று மதில் மேல் வரிசையாக உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தன. இறுகும் வரை அத்தை கட்டிலில் உட்கார்ந்தபடியே ஜன்னல் வழியாகக் கோலால் தட்டி விரட்டிக்கொண்டிருந்தார்கள்.) எல்லாக் கல்லும் வைத்தபிறகு ஒரு தட்டைப் பலகையை மேலே வைத்து மெதுவாகத் தட்டினால் மட்டமாகிவிடும். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து ஈரப் பஞ்சால், கல் மேல் படிந்த சிமெண்டுப் பாலைத் துடைத்தெடுக்க வேண்டும். மறுநாள் தேங்காய் நாரால் ஒரு தேய்ப்பு. ஆசிட் ஊற்றிக் கழுவுகிற வழக்கம் உண்டு. குழந்தைகள் நடமாடுகிற வீட்டில் அது வேண்டாம்.

குழந்தைகள் என்றதும் ஒன்று. ஈரச் சிமெண்டு தோலை அரிக்கும். சுண்ணாம்பைப் போன்ற காரம் அது. உடனே எரியாது, அதனால்தான் ஆபத்து. ரப்பர் கையுறை போடாமல் தொடாதீர்கள். ஈரக் கலவையில் முட்டி போட்டு உட்காராதீர்கள், புடவை நனைந்து தோலில் ஒட்டிக்கொண்டே இருந்தால் புண்ணாகிவிடும். பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டு நெடுநேரம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே டாக்டரிடம் ஓடுங்கள். மூட்டையைப் பிரிக்கிறபோது மூக்கு வாயைக் கட்டிக்கொள்ளுங்கள். தவழுகிற குழந்தையை அந்த எட்டு நாளும் கொல்லைப் பக்கமே விட வேண்டாம்.

தளம் போட்டால் போதாது, அதற்குத் தண்ணீர் காட்ட வேண்டும். இப்போது கடைகளில் அதிகம் கிடைப்பது சாம்பல் கலந்த பி.பி.சி. ரகச் சிமெண்டு. அதற்குப் பத்து நாளாவது ஈரம் வேண்டும். மேஸ்திரிகள் மண்ணால் வரப்பு கட்டித் தண்ணீரைத் தேக்குவார்கள். வீட்டுக்கு நடுவே பத்து நாள் தண்ணீர் தேங்கினால் டெங்குக் கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டின மாதிரி. ஆகையால் கோணிச் சாக்கை நனைத்துப் போர்த்தி, காலை, மத்தியானம், சாயங்காலம் மூன்று வேளையும் தெளித்தோம். அரிசி களைந்த தண்ணீர் செடிக்கு, குழாய்த் தண்ணீர் பாதைக்கு. நாலு நாள் கழித்து வெறுங்காலால் மெதுவாக நடக்கலாம். வாக்கர், தண்ணீர்க் குடம் எல்லாம் பத்து நாளுக்குப் பிறகு. முழு பலம் வர 28 நாள் ஆகும்.

கூழாங்கல்லில் நடந்தால் உடம்புக்கு நல்லதாமே என்று கேட்கிறவர்களுக்கு: 2005ல் அமெரிக்காவின் ஓரகன் ஆராய்ச்சி நிலையத்தில், அறுபது வயசுக்கு மேற்பட்டவர்களைப் பதினாறு வாரம் கூழாங்கல் பதித்த விரிப்பில் நடக்க விட்டுப் பார்த்தார்கள். சாதாரணமாக நடந்தவர்களைவிட அவர்களுக்கு ரத்த அழுத்தம் சற்றுக் குறைந்திருந்தது, தடுமாறாமல் நிற்கிற பலமும் கூடியிருந்தது. ஆனால் சர்க்கரை வியாதியால் பாதம் மரத்துப் போனவர்கள் வெறுங்காலோடு இதில் நடக்கவே கூடாது. காயம் பட்டாலும் அவர்களுக்குத் தெரியாது. எலும்பு முறிந்து தேறி வருகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் கூழாங்கல்லில் ஏற வேண்டாம். அத்தை நடப்பதும் நடுவில் உள்ள தட்டைக் கல்லில் மட்டும்தான்.

செலவு, மேஸ்திரி சொன்னதில் பாதிகூட ஆகவில்லை. இதில் அக்காவுக்குக் கொடுத்த கூலியும் சேர்த்தி. சித்தாள் கூலி வேண்டாம், கொத்தனார் கூலி வாங்கிக்கொள் என்று அத்தைதான் தன் சுருக்குப் பையிலிருந்து மீதியை எடுத்துக் கொடுத்தார்கள். அக்கா ரெண்டு நாள் அதை வாங்க மாட்டேன் என்று சண்டை போட்டாள். பிறகு வாங்கிக்கொண்டு, சந்தையில் சொந்தமாக ஒரு கரண்டியும் ஒரு மட்டக்கட்டையும் வாங்கி வந்தாள். அடுத்த தெருவில் ஒரு வீட்டு முற்றத்துக்கு எங்கள் பாதையைப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் அவள் வழக்கமாகப் போகிற இடத்தில் இன்றைக்கும் பாண்டுதான், சித்தாள் கூலிதான்.

போன ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதையும் பாதை பார்த்துவிட்டது. தண்ணீர் நிற்கவில்லை, ஒரு கல் பெயரவில்லை. நிழல் விழுகிற ஆறாவது கட்டத்தில் மட்டும் பாசி பிடிக்கப் பார்த்தது. பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, பத்து நிமிஷம் விட்டு, தென்னந்துடைப்பத்தால் தேய்த்து நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினால் போய்விடுகிறது. (பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டையோ வேறு கழுவும் திரவத்தையோ சேர்க்காதீர்கள், விஷ வாயு வரும்.) கார்த்திகையில் மாசத்துக்கு ஒரு தரம், மற்ற நாளில் தேவையில்லை. ஓரத்தில் நந்தியாவட்டையும் ஓமவல்லியும் வைத்திருக்கிறோம். முள் செடி, படருகிற கொடி எதையும் பாதை ஓரம் வைக்கக் கூடாது. கொடி காலில் மாட்டும்.

அத்தை இப்போது வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்துவிட்டார்கள். ராத்திரியில் யாரையும் எழுப்புவதில்லை, காலையில் சாக்குக் கோலத்தில் மீந்த வெள்ளைக் கல் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிவிட்டு, "துளசி மாடம் வரைக்கும் இன்னும் ஏழு அடிதானேம்மா, ரெண்டு மூட்டை சிமெண்டு ஆகுமா?" என்று கேட்கிறார்கள். ஒன்றே போதும். தை பிறக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.